வாய்ச்செய்தி எவ்வளவு தூரம் போகும்?

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



‘நாளேடும் வாக்காளரும்’ என்று தலைப்புக் கொடுத்து அரைமணி நேரம் பேசச் சொன்னார் செயலாளர். நாளேடுகளைப் பொதுவாகப் புகழவும் பொதுவாகத் திட்டவும் இங்கே ஆள் பஞ்சமில்லை. தேநீர்க் கடையில் அது நாள்தோறும் நடக்கிறது. ஆகவே நான் ஒரே ஒரு காலத்தை மட்டும் எடுத்துக் கொள்கிறேன். 1975 ஜூன் முதல் 1977 மார்ச் வரை, இந்த நாட்டு மக்கள் செய்தி இல்லாமல் வாழ்ந்த இருபத்தொரு மாதங்கள். அதைப் பார்த்த பெரியவர்கள் இந்த அவையில் இருக்கிறார்கள். இளைஞர்களுக்கு அது பாடப் புத்தகத்தில் ஒரு பத்தி.

1975 ஜூன் 25 இரவு. தில்லியில் பகதூர்ஷா சஃபர் மார்க் என்ற சாலையில்தான் பெரிய நாளேடுகள் பலவற்றின் அச்சகங்கள் வரிசையாக இருந்தன. அன்றிரவு அந்தச் சாலைக்கு மின்சாரம் நிறுத்தப்பட்டது. ஒரு பக்கம் தலைவர்களைக் கைது செய்கிறார்கள்; மறு பக்கம் அந்தக் கைதுச் செய்தியை அச்சடிக்க இயந்திரம் ஓடவில்லை. எவ்வளவு கச்சிதமான ஏற்பாடு பாருங்கள்! விடிந்ததும் தணிக்கை வந்தது. நான்கு செய்தி நிறுவனங்களை 1976இல் ஒன்றாக்கி ‘சமாச்சார்’ என்று பெயர் வைத்தார்கள். ‘செய்தி’ என்று பெயர். இல்லாதது செய்தி மட்டும்தான். ஏடுகளை நண்பர், பகைவர், நடுநிலை என்று பிரித்து அதன்படி அரசு விளம்பரம் கொடுத்தார்கள். நாடாளுமன்ற நடவடிக்கைகளை அச்சமின்றி வெளியிடப் பாதுகாப்புத் தந்த சட்டம் ஒன்று 1956இல் வந்திருந்தது. கொண்டு வந்தவர் பெரோஸ் காந்தி. அதை நீக்கியது அவருடைய மனைவியின் ஆட்சி.

எதிர்ப்பே இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. இந்தியன் எக்ஸ்பிரஸ் தலையங்கத்துக்கு உரிய இடத்தை வெற்றிடமாக விட்டது. இதே பம்பாயில் டைம்ஸ் ஆப் இந்தியாவின் சிறு விளம்பரப் பகுதியில், ஜூன் 26ஆம் நாள் ஜனநாயகம் காலமானதாக, ஒரு மனிதரின் பெயர்போல எழுத்துகளைப் பிரித்துப் போட்ட மரண அறிவிப்பு ஒன்று வந்தது. தணிக்கைக்காரருக்கு அது பிடிபடவில்லை. 1976 ஜனவரி 31இல் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டுத் தலைவர்களும் தொண்டர்களும் கைதானபோது, சிறை சென்றோர் பட்டியலை வெளியிட முடியாது என்றார்கள். பிப்ரவரி 3, அண்ணா நினைவுநாள். அவருடைய நினைவிடத்துக்கு மலர் தூவ வர இயலாதோர் பட்டியல் என்று முரசொலி பெயர்களை வெளியிட்டது. ஏன் வர இயலாது என்று எந்தத் தமிழனுக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

இவையெல்லாம் மின்மினிகள். மின்மினி அழகுதான், அந்த வெளிச்சத்தில் வழி நடக்க முடியாது.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். ஏடுகள் வாய் மூடிக் கிடந்தும் 1977இல் மக்கள் ஆட்சியை மாற்றிவிட்டார்களே, பிறகு எதற்கு நாளேடு என்று சிலர் கேட்பதுண்டு. முடிவுகளைச் சற்று உற்றுப் பாருங்கள். உத்தரப் பிரதேசத்தில் 85 தொகுதிகள், பீகாரில் 54. இரண்டிலும் சேர்த்துக் காங்கிரசுக்குக் கிடைத்தது பூஜ்யம். பம்பாயின் ஆறு தொகுதிகளிலும் தோல்வி. ஆனால் ஆந்திரத்தில் 42இல் 41 காங்கிரசுக்கு! தமிழ்நாட்டிலும் அதன் கூட்டணிக்கே பெரும் வெற்றி. ஒரே நாடு, ஒரே தேர்தல், இரண்டு தீர்ப்புகள்.

காரணங்கள் பல உண்டு. கூட்டணிக் கணக்கு உண்டு. அந்தந்த மாநில அரசியல் உண்டு. எனினும் என் மனத்தில் நிற்கும் காரணம் வேறு. 1976-77ஆம் ஆண்டில் மட்டும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்தன. கட்டாயத்தின் கொடுமையை அதிகம் பட்டது வடக்கு. 1976 ஏப்ரலில் தில்லி துருக்மான் கேட்டில் வீடுகள் இடிக்கப்பட்டன. எதிர்த்தவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. ஏட்டில் வரவில்லை என்பதால் தில்லிக்காரனுக்குத் தெரியாமல் போகுமா? பக்கத்துத் தெரு சொன்னது, மாமன் மகன் சொன்னான், ரயிலில் வந்தவன் சொன்னான். ஆனால் அந்த வாய்ச்செய்தி இந்தி பேசும் எல்லையோடு நின்றுவிட்டது. மதுரையில் இருப்பவனுக்கு அதைக் கொண்டு போக வாய் போதாது. அச்சு வேண்டும், மொழிபெயர்ப்பு வேண்டும், செய்தி நிறுவனம் வேண்டும். அவையனைத்தும் ஒரே கைப்பிடியில் இருந்தன.

பட்டவனுக்கு நாளேடு தேவையில்லை. அவன் முதுகே சொல்லும். படாதவனுக்குத்தான் நாளேடு.

நம் கதைக்கு வருவோம். டிராம்பே அணு ஆராய்ச்சி மையத்தை ஒட்டி ஜனதா காலனி என்றொரு குடியிருப்பு இருந்தது. ஏறத்தாழ எழுபதாயிரம் பேர். அவர்களில் தமிழர் ஏராளம். இடத்தைக் காலி செய்யச் சொன்னபோது, கோலார் தங்கவயலில் பிறந்து இங்கே பிழைக்க வந்த ஜோக்கின் அற்புதம் அவர்கள் முன்னின்று, நீதிமன்றம், தில்லி என்று மக்கள் போராடிப் பார்த்தார்கள். 1976 மே மாதத்தில், தணிக்கைக் காலத்தின் நடுவில், காலனி இடிக்கப்பட்டது. மக்களைச் சீட்டா கேம்ப்புக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். சீட்டா கேம்ப் இன்றும் இருக்கிறது. நம் உறவுகள் இன்றும் அங்கே இருக்கிறார்கள். அன்று அந்த மக்களின் துயரத்தை ஊரிலுள்ள அவர்கள் தாய் தகப்பனுக்குத் தமிழில் சொல்ல வேண்டிய ஏடு எது? பம்பாய் ஏடு ஊருக்குப் போகாது. சென்னை ஏட்டுக்கும் அதே தணிக்கை.

சிறிய இதழால் என்ன செய்ய முடியும் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பம்பாயிலிருந்து மினு மசானி நடத்திய ‘ஃப்ரீடம் பர்ஸ்ட்’ என்ற மாத இதழில் பதினொரு பகுதிகளை வெளியிடக் கூடாது என்றார் தணிக்கை அதிகாரி. பெரிய நாளேடுகள் பல பணிந்து போன நேரம் அது. மசானி உயர்நீதிமன்றத்துக்குப் போனார். 1976 பிப்ரவரியில், நெருக்கடி நிலை நடக்கும்போதே, அவர் பக்கம் தீர்ப்பு வந்தது. எல்லா ஏடுகளையும் ஒரே காற்றுக்குப் பாய் விரிக்க வைப்பது தணிக்கையின் வேலையல்ல என்ற கருத்தில் நீதிபதிகள் எழுதினார்கள். கோடிக்கணக்கில் முதல் போட்ட நிறுவனங்கள் கணக்குப் பார்த்த இடத்தில், ஒரு மாத இதழ் வழக்குப் போட்டது. நம் இதழும் மாத இதழ்தான். ஒப்பிடுகிறேன் என்று சிரிக்காதீர்கள்!

இன்று தணிக்கை அதிகாரி மேசை போட்டு உட்கார்ந்திருக்கவில்லை. கைப்பேசியில் செய்தி கொட்டுகிறது. சென்னையில் யார் யாரோடு கூட்டணி என்பதை நம் பிள்ளைகள் விரல் நுனியில் வைத்திருக்கிறார்கள். ஆனால் தாராவி மறுசீரமைப்புக்காக 2024இல் வீடு வீடாகக் கணக்கெடுப்புத் தொடங்கியபோது, 2000 ஜனவரி 1 என்ற தேதிக்கு முன் குடியிருந்தவருக்கு என்ன, பின் வந்தவருக்கு என்ன, மாடியில் இருப்பவருக்கு என்ன என்று தெளிவாகச் சொல்லத் தெரிந்தவர் நம்மில் எத்தனை பேர்? அறிவிப்பு மராத்தியில் வந்தது. விளக்கம் ஆங்கிலத்தில் வந்தது. தமிழில் வந்தது வதந்தி. நாம் ஓட்டுப் போடுவது இங்கே. வாடகை கொடுப்பது இங்கே. அரசியல் செய்தி படிப்பது மட்டும் ஆயிரம் மைல் தள்ளி. இது நமக்கு நாமே போட்டுக் கொண்ட தணிக்கை என்பது என் கருத்து. கோபித்துக் கொள்ள விரும்புகிறவர்கள் கோபித்துக் கொள்ளலாம்.

அதனால் ஆசிரியர் குழுவுக்கு ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். நம் இதழில் வாழ்த்துச் செய்திகளுக்கும் பொன்னாடைப் படங்களுக்கும் போகிற பக்கங்களில் இரண்டைக் கொடுங்கள். மாநகராட்சி அறிவிப்புகளையும், வாக்காளர் பட்டியல் திருத்த நாட்களையும், குடியிருப்புத் தொடர்பான அரசாணைகளையும் அதில் தமிழில் போடுவோம். மூலத்தைப் பார்த்து எழுத வேண்டும். எவரோ அனுப்பியதைப் பார்த்து எழுதக் கூடாது. அதற்கு மராத்தி நன்றாகப் படிக்கத் தெரிந்தவர்கள் வேண்டும். நமக்கு வராவிட்டாலும் இங்கே பள்ளியில் படித்த நம் பிள்ளைகளுக்கு வரும். பின்வரிசையில் நிற்கிற தம்பிகளும் தங்கைகளும் கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள். முதல் வேலையாகச் சென்ற மாதத்து அறிவிப்புகள் ஒரு கட்டு அவர் மேசையில் தயாராக இருக்கிறது.