மென்மையான பொருள்கள் கிழிவது ஏன்?

(நூற்றாண்டு விழாவின் விஞ்ஞான அமர்வில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)

 

கலாநிதிப் பட்டத்துக்குப் பின்னர் நான் செய்துவரும் ஆய்வைப் பற்றிப் பேசும்படி சங்கத்தினர் கேட்டுக்கொண்டார்கள். ஊரில் யாராவது என் வேலை என்னவென்று கேட்டால், "மென்மையான பொருள்கள் எப்படிக் கிழிகின்றன என்று கணக்குப் போடுகிறேன்" என்பேன். "கிழிந்தால் வேறொன்று வாங்கலாம்தானே, பிள்ளை?" என்று சிரிப்பார்கள். வாங்க முடியாதவையும் இருக்கின்றன. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

நன்றாக ஊதிய பலூனில் ஊசியால் குத்தினால் வெடிக்கும். அதே பலூனை அரைவாசிக்கு ஊதி, முடிச்சுக்கு அருகே இறப்பர் தளர்ந்திருக்கும் இடத்தில் குத்திப் பாருங்கள். பெரும்பாலும் வெடிக்காது, காற்று மெல்லக் கசியும். குத்தியது ஒரே ஊசி. பிறகு ஏன் இந்த வேறுபாடு? இழுபட்ட இறப்பரில் சக்தி சேர்ந்திருக்கிறது. வெடிப்பு நீளும்போது அதில் ஒரு பங்கு விடுபடுகிறது. புதிய மேற்பரப்பை உண்டாக்கவும் சக்தி செலவாகிறது. வரவு செலவை விஞ்சினால் வெடிப்பு ஓடும், விஞ்சாவிட்டால் நிற்கும். இங்கிலாந்தில் விமான ஆய்வு நிலையமொன்றில் பணியாற்றிய கிரிஃபித், கண்ணாடியை வைத்து இந்தக் கணக்கை 1921 இல் வெளியிட்டார். 1953 இல் ரிவ்லினும் தோமஸும் இதே வழியை இறப்பருக்குப் பொருத்திக் காட்டினார்கள்.

இறப்பரின் செலவுக் கணக்கு மட்டும் விசித்திரமானது. மேற்பரப்பை உண்டாக்கத் தேவையென்று எதிர்பார்ப்பதைவிடப் பல மடங்கு கூடுதலான சக்தி அதைக் கிழிக்கத் தேவைப்படுகிறது. 1967 இல் லேக், தோமஸ் ஆகியோர் காரணம் சொன்னார்கள். இறப்பருக்குள் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகள் மீன்வலைபோல் முடிச்சிட்டுக் கிடக்கின்றன. இரண்டு முடிச்சுகளுக்கு இடையே உள்ள சங்கிலியில் ஓர் இணைப்பை அறுக்க வேண்டுமானாலும் அந்தச் சங்கிலி முழுவதையும் இழுத்தாக வேண்டும். அறும்போது எல்லா இணைப்புகளிலும் சேர்ந்திருந்த சக்தி ஒன்றாகப் போய்விடுகிறது. ஒருவருக்கு நேரும் பாரத்தைக் குடும்பமே பகிர்வதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கு யாருக்குத் தேவை? 1986 ஜனவரி 28 அன்று சலெஞ்சர் விண்ணோடம் புறப்பட்டு 73 செக்கன்களில் சிதறியது. எழுவர் மாண்டனர்; அவர்களுள் கிறிஸ்டா மக்கோலிஃப் ஒரு பாடசாலை ஆசிரியை. உந்துகணையின் மூட்டை அடைத்திருந்த இறப்பர் வளையம், அன்றைய கடுங்குளிரில் நெகிழ்ச்சி குன்றி, இடைவெளியை உடனே மூடத் தவறியது. பின்னர் பௌதிகவியலாளர் ஃபைன்மன் அந்த இறப்பரின் ஒரு துண்டைப் பனிக்கட்டி நீரில் அமிழ்த்தி, எல்லோரும் பார்க்க இதை விளக்கினார். குளிர் பற்றிப் பொறியியலாளர்கள் முதல் நாள் இரவே எச்சரித்திருந்தார்கள். ஒரு பொருள் எப்போது கைவிடும் என்று அறிவது ஒரு வேலை. அறிந்ததைப் பிறர் ஏற்கும்படி நிறுவுவது இன்னொரு வேலை. இரண்டும் எங்களுடையவை.

எனது ஆய்வு நீர்க்கூழ்களைப் பற்றியது. பெரும்பகுதி நீராகவும் மீதி சங்கிலி வலையாகவும் உள்ள ஜெலி போன்ற பொருள்கள் இவை. எங்கள் முழங்கால் குருத்தெலும்பும் நீர் மிகுந்த மென்பொருள்தான். (கணினி மென்பொருளைச் சொல்லவில்லை!) அதற்கு இரத்தக் குழாய்கள் இல்லை, ஆகவே தேய்ந்தால் தானாகத் திருந்துவது அரிது. படியேறும்போது கைப்பிடியைத் தேடும் அம்மாமார் இந்த மண்டபத்திலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒருநாள் மாற்றுப் பொருள் கிடைக்க வேண்டுமானால், ஜெலியைப்போல் மென்மையாயிருந்தும் இலகுவில் கிழியாத ஒன்று வேண்டும்.

அதற்கு ஒரு வழியை ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் கொங் ஜியன் பிங் என்ற பெண் விஞ்ஞானியின் குழு 2003 இல் காட்டியது. ஒரே கூழில் இரண்டு வலைகள். ஒன்று விறைப்பானது, வெடிப்பு வரும்போது பல இடங்களில் அறுந்து சக்தியை வாங்கிக்கொள்கிறது. மற்றது நெகிழ்வானது, பொருளைப் பிரியவிடாமல் பிடித்து நிற்கிறது. ஏறத்தாழ 90 சதவீதம் நீராக இருந்தும் அது இலகுவில் கிழிவதில்லை.

நான் செய்வது, இத்தகைய வலைகளைக் கணினிக்குள் கட்டி இழுத்துப் பார்ப்பது. ஆயிரக்கணக்கான சங்கிலிகளில் எது முதலில் அறுகிறது, அதன் பாரம் அயலிலுள்ள எவற்றின்மேல் விழுகிறது, எப்போது சிறு அறுப்புகள் சேர்ந்து ஒரே வெடிப்பாகின்றன என்று பார்க்கிறேன். ஆய்வுகூடத்தில் சக ஆய்வாளர் இழுத்த துண்டோடு என் விடை பொருந்தாவிட்டால் மாதிரியுருவைத் திருத்துவேன். மாதத்தில் பல நாட்கள் அப்படித்தான் போகும். மாணவிகளே, இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்கிறேன்: எனது பதவி இரண்டாண்டு ஒப்பந்தம். அடுத்தது எங்கே என்று எனக்கு இன்னும் தெரியாது. இந்த வழியில் வருபவர்கள் அதையும் தெரிந்துகொண்டே வர வேண்டும். தெரிந்தும் நான் இதையே தேர்வேன்.

நிறைவாகச் சங்கத்தினரிடம் ஒரு விண்ணப்பம். நூற்றாண்டு நிதியில் நுழைவாயில் வளைவு கட்டும் யோசனை இருப்பதாக அறிந்தேன். வளைவு அழகுதான். ஆனால் பௌதிகவியல் ஆய்வுகூடம் பாடசாலை முடிந்ததும் பூட்டப்படுகிறது. பிள்ளைகள் ரியூஷனுக்கு ஓடிக் கடந்தகால வினாத்தாள்களுக்கு விடை பழகுகிறார்கள். விடை தெரியாத ஒன்றைக் கையால் தொட்டுப் பார்க்க அவர்களுக்கு நேரமோ இடமோ இல்லை. வாரத்தில் இரண்டு நாட்கள், இரண்டு மணித்தியாலம் அந்தக் கதவு திறந்திருக்கட்டும். பொறுப்பாக நிற்கும் ஒருவருக்குக் கொடுப்பனவை நாங்கள் கொடுப்போம். முதலாவது ஆண்டுக்கான என் பங்கைப் பொருளாளர் அக்காவிடம் இன்று ஒப்படைக்கிறேன். ஒரு கட்டு இறப்பர் பட்டி, ஒரு தராசு, சில நிறைகள் போதும். எந்தப் பாரத்தில் எது அறுகிறது என்று ஒரு பிள்ளை தானே எழுதிவைக்கத் தொடங்கினால், அடுத்த நூற்றாண்டு தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம்.