முதல் வகுப்பில் நாம் கற்றுக்கொடுத்தது

(இரவுப் பள்ளித் தொண்டர்களும் கல்லூரி மாணவர்களும் கூடியிருந்த ஒரு கூட்டத்தில், ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



கத்தோலிக்கக் கல்வி நிறுவனங்களும் தலித் விடுதலையும் என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்காங்க. அவ்வளவு பெரிய தலைப்புக்கு நான் ஆள் இல்ல. இருபத்தேழு வருசம் ஒரே வேலைதான் செஞ்சேன். துறவற சபை ஒன்று நடத்துகிற, அரசு உதவி பெறும் தொடக்கப்பள்ளியில் ஒண்ணாங்கிளாஸ் டீச்சர். மூணாங்கிளாஸ்கூட எடுத்ததில்ல. அதனால ஜூன் மாசம் அழுதுக்கிட்டு வர்ற பிள்ளை ஏப்ரல் மாசம் என்னவா வெளியே போகுது, அந்தப் பத்து மாசக் கதையை மட்டும் சொல்றேன்.

நான் சிஸ்டர்களைத் திட்ட வந்தவள் இல்ல. எங்கம்மா கைநாட்டு. சேரியிலிருந்து என்னை இழுத்துக்கிட்டுப் போய், போர்டிங்கில் போட்டு, ஆசிரியப் பயிற்சி வரைக்கும் படிக்க வெச்சது ஒரு கன்னியர் மடம். அதை மறந்தா நான் மனுசி இல்ல. ஆனால் அந்த நன்றியைக் காட்டியே நம்ம வாயை அடைக்கிறாங்க பாருங்க, அதைத்தான் ஏத்துக்க முடியல. 'மிஷன்காரன் வரலைன்னா நீயெல்லாம்…' என்பான். 1894 இல் ஓல்காட் சென்னையில் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். 1907 இல் அயோத்திதாசப் பண்டிதர் பத்திரிகையே நடத்தினார். படிக்கணும் என்கிற வெறி நம்ம ஜனங்ககிட்ட இருந்தது. பள்ளிக்கூடம் திறந்தவங்க அந்த வெறிக்குக் கதவைத் திறந்தாங்க, அவ்வளவுதான்.

சரி, விஷயத்துக்கு வர்றேன்.

பிள்ளையின் முதல் பாடம் அ, ஆ இல்ல. அட்மிஷன் ரிஜிஸ்டர். தலைமை ஆசிரியை மேசைக்கு முன்னால் அப்பன் கைலியை இறக்கிவிட்டுக்கிட்டு நிக்கிறார். பிள்ளை அவர் விரலைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. பேர் என்ன? பிறந்த தேதி என்ன? மதம்? சாதி? அந்த நாலாவது கேள்விக்கு வரும்போது அப்பன் குரல் இறங்குது பாருங்க, அதைப் பிள்ளை கேட்குது. அஞ்சு வயசுப் பிள்ளைக்குச் சாதின்னா என்னன்னு தெரியாது. அதைச் சொல்லும்போது அப்பா மெதுவாப் பேசணும் என்பது மட்டும் தெரிஞ்சு போகுது.

எங்கள் தெருவில் ஒரே வீட்டில் அண்ணன் தம்பி ரெண்டு பேர். அண்ணன் பிள்ளைக்குச் சான்றிதழ் 'இந்து ஆதிதிராவிடர்'. தம்பி பிள்ளைக்குக் 'கிறித்துவ ஆதிதிராவிடர்'. ரெண்டு பிள்ளைக்கும் ஞானஸ்நானம் கொடுத்தது ஒரே கோயிலில், ஒரே தொட்டியில். எல்லாத்துக்கும் காரணம் 1950 ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாவது பத்தி. இந்து அல்லாத யாரும் பட்டியல் சாதி ஆக முடியாது என்றது அது. 1956 இல் சீக்கியரைச் சேர்த்தார்கள். 1990 இல் பவுத்தரைச் சேர்த்தார்கள். கிறித்துவரும் முஸ்லிமும் வெளியேதான். தமிழ்நாட்டில் கல்வி உதவித்தொகையில் ஓரளவு சேர்த்துக்கொள்கிறார்கள். இடஒதுக்கீட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் தள்ளிவிட்டார்கள். குடித்தெருக்காரனோடு போட்டி போடு என்று அர்த்தம். சேரியில் பிறந்தவன் வேதத்தில் சேர்ந்தால் அவனை யாராவது குடித்தெருவில் குடி வைக்கிறானா? கல்லறையில்கூட இடம் கொடுக்காதவன் ஊர் இது.

இந்தச் சட்டம் ஒண்ணாங்கிளாசுக்குள் எப்படி வருது தெரியுமா? எங்கள் பள்ளியில் முதல் மணி அடிச்சதும் பிள்ளைகள் ரெண்டு வரிசையாப் பிரியணும். கத்தோலிக்கப் பிள்ளைகள் ஞானோபதேசத்துக்குக் கோயில் தாழ்வாரத்துக்குப் போகணும். மற்றவங்க வகுப்பிலேயே நன்னெறிப் பாடம். ஒரு ஜூன் மாசம், சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகல, ஒரு பையன் ரெண்டு வரிசைக்கும் நடுவில் நின்னுட்டான். 'டீச்சர், நான் எந்த வரிசை?' என்றான். கழுத்தில் அந்தோணியார் பதக்கம் தொங்குது. ரிஜிஸ்டரில் இந்து. பள்ளிக்கூடத்துல கேட்டா இந்துன்னு சொல்லு என்று அப்பன் சொல்லி அனுப்பியிருக்கிறார். ஞாயித்துக்கிழமை அதே ஃபாதர் முன்னால் அவன் மண்டியிடணும். வெள்ளிக்கிழமை அதே ஃபாதர் பள்ளித் தாளாளராக வந்து நிக்கிறார். பிள்ளை என்ன செய்வான்? நான் அவன் பதக்கத்தைச் சட்டைக்குள்ளே தள்ளிவிட்டு, 'உள்ளே உட்காருடா' என்றேன். அந்த ஆண்டு அவன் என்கிட்ட கத்துக்கிட்ட முதல் பாடம் அதுதான். எதைச் சட்டைக்கு வெளியே போடணும், எதை உள்ளே போடணும்.

அவங்க அப்பனைப் பொய்க்காரன்னு நான் சொல்ல மாட்டேன். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் புதுச்சேரிப் பெண் ஒருவர் வழக்கில் தீர்ப்புச் சொல்லும்போது, கிறித்துவத்தைக் கடைப்பிடித்துக்கொண்டு சலுகைக்காக இந்து என்று சொல்வது அரசியல் சட்டத்தின் மீதான மோசடி என்றது. அவரைச் சொல்லும் முன்னால், அஞ்சு வயசில் அந்தப் பொய்யைப் பாடமாக வைத்தது யார் என்று நீதிபதிகள் யோசித்திருக்கலாம். இந்தத் தவிப்பை முழுசாத் தெரிஞ்சுக்கணும்னா ராஜ் கௌதமனின் 'சிலுவைராஜ் சரித்திரம்' (2002) படிங்க. பாமாவின் 'கருக்கு' (1992) படிக்காத மாணவர் யாராவது இங்கே இருந்தால் இன்றைக்கே வாங்கிப் படிச்சிடுங்க.

இப்ப என் தப்பைச் சொல்றேன். இதை இதுவரைக்கும் மேடையில் சொன்னதில்ல.

வேலையில் சேர்ந்து மூணாவது வருசம் இருக்கும். சுவரில் ஒரு படம் மாட்டி, பசு என்ன தரும் என்று கேட்கிறேன். பால் தரும், சாணி தரும், கன்னு தரும் என்று பிள்ளைகள் கத்துது. கடைசி வரிசையில் ஒரு பொண்ணு எழுந்து, 'கறி தரும் டீச்சர்' என்றது. சந்தோசமாச் சொல்லுச்சு. அதுக்குத் தெரிஞ்ச பதில் அது. குடித்தெருப் பிள்ளைகள் மூக்கைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க. பக்கத்து வகுப்பு டீச்சர் தலையை நீட்டி என்னைப் பார்த்தாங்க. அந்தப் பார்வை என்னைப் பார்த்தது தோழர்களே, பிள்ளையை இல்ல. நீயும் அந்தத் தெருதானே என்று பார்த்தது. நான் பிரம்பை எடுத்தேன். ரெண்டு அடி.

எங்க வீட்டிலும் அதே கறிதான் வேகும். எனக்குத் தெரிஞ்ச உண்மையைச் சொன்ன பிள்ளையை, எனக்கு அவமானம் வந்துடக் கூடாதுன்னு அடிச்சேன். அதற்கப்புறம் அந்தப் பிள்ளை எந்தக் கேள்விக்கும் எழுந்திருக்கல. பொங்கலுக்கு அப்புறம் பள்ளிக்கே வரல. கரும்பு வெட்டப் போன அம்மாவோட போயிடுச்சு என்றாங்க. இடைநின்றவர் என்று பதிவேட்டில் எழுதி முடிச்சோம். காரணம் என்கிற கட்டத்தில் 'குடும்ப வறுமை' என்று எழுதினேன். என் கையெழுத்துத்தான். இன்றைக்கும் அந்தப் பதிவேடு அங்கே இருக்கும்.

சேரியிலிருந்து ஒரு ஆள் ஆசிரியராகப் போயிட்டா எல்லாம் சரியாயிடும் என்று நினைக்கிற மாணவத் தோழர்களுக்காகத்தான் இதைச் சொன்னேன்.

பேச்சுமொழியை எடுத்துக்கங்க. 'எங்கம்மா வேலைக்குப் போயிருக்கு' என்று பிள்ளை சொல்லும். 'அம்மா என்ன ஆடா மாடா, போயிருக்குன்னு சொல்றே? போயிருக்காங்கன்னு சொல்லு' என்று திருத்துவோம். நம்ம பேச்சில் 'அம்மா வந்துச்சு' என்பதில் மரியாதைக் குறைவு இல்ல, பாசம் இருக்கு. அதைத் திருத்தும்போது பிள்ளைக்கு என்ன புரியும்? எங்கம்மா பேசுறது தப்பு, எங்க வீடு பேசுறது தப்பு. வாயைத் திறந்தாலே தப்பு வருது என்றால் அது வாயை மூடிக்கும். அப்புறம் நாமே எழுதுவோம், 'கற்றலில் பின்தங்கியவர்' என்று.

பின்னால் நான் கொஞ்சம் மாத்திக்கிட்டேன். எழுத்து சொல்லிக்கொடுக்கும்போது வளைவு கம்மியான எழுத்திலிருந்து தொடங்குவேன். ட, ப, ம. இந்த மூணு வந்தா படம், மடம், பட்டம் என்று சொல் வந்துடும். சிலேட்டுக்கு முன்னால் மணலில் விரலால் எழுதணும், அப்புறம் சாக்குக்கட்டியில் தரையில் பெருசா எழுதி, அதன் மேல் புளியங்கொட்டை அடுக்கணும். விரலுக்கு வளைவு பழகினால்தான் பலப்பம் பிடிக்க வரும். சொற்களையும் தெருவிலிருந்தே எடுத்தேன். நடவு, களம், கட்டு, மடை. ஒரு நாள் கரும்பலகையில் 'தப்பு' என்று எழுதினேன். சேரிப் பிள்ளைகள் பெஞ்சில் தட்டி அடியே போட்டுக் காட்டிட்டாங்க. அவங்க அப்பன் தாத்தா அடிக்கிற தப்பு. அந்த நேரம் பார்த்து உள்ளே வந்த சிஸ்டர் கரும்பலகையைப் பார்த்துவிட்டு, 'யாரு என்ன தப்பு செஞ்சா?' என்று கேட்டாங்க. எல்லாரும் சிரிச்சோம், அவங்களும் சிரிச்சாங்க. நல்ல மனுசி. ஆனா தப்புன்னா பறைதான்னு ஒருத்தருக்கும், குத்தம்னு இன்னொருத்தருக்கும் முதலில் தோணுது பாருங்க. பள்ளிக்கூடத்தில் எந்த அர்த்தம் செல்லுபடியாகும் என்பதுதான் சண்டை. அந்த வருசம் டிசம்பருக்குள்ளேயே கடைசி வரிசை எழுத்துக்கூட்டிப் படிச்சது.

பசியைச் சொல்லாமல் விட முடியாது. காலையில் ஒண்ணும் சாப்பிடாமல் வர்ற பிள்ளைக்கு டவும் பவும் ஒண்ணுதான். மதியச் சாப்பாடு வரைக்கும் அது கண்ணு அடுப்படிப் பக்கமே இருக்கும். காலை உணவுத் திட்டம் அரசுப் பள்ளிகளில் 2022 இல் தொடங்கியபோது நம்ம பிள்ளைகள் உதவிபெறும் பள்ளியில் இருந்ததால் அவங்களுக்கு இல்ல. 2024 ஜூலை 15 அன்றுதான் கிராமப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கு வந்தது. நான் ஓய்வு பெற்ற பிறகு. இருபத்தேழு வருசம் எத்தனை பிள்ளையைச் 'சோம்பேறி' என்று திட்டியிருப்பேன்!

கடைசியா, எங்க காம்பவுண்டுக்குள்ளே ரெண்டு கேட் இருக்கு. ஒரு கேட் தமிழ்வழி உதவிபெறும் பள்ளிக்கு. இன்னொரு கேட் அதே சபை நடத்துகிற இங்கிலீஷ் மீடியத்துக்கு. ஒரே மாதா சுரூபம் ரெண்டு கேட்டையும் பார்த்து நிக்குது. அந்தக் கேட்டில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. ரெண்டு வருசம் முடிச்சுட்டு ஒண்ணாங்கிளாசுக்கு வர்றாங்க, ஷூ போட்டு, வேனில். இந்தக் கேட்டில் அங்கன்வாடியிலிருந்து வர்றாங்க. முன்பெல்லாம் ஒரே வகுப்பில் பெஞ்சு வேறாக இருந்தது. இப்ப குடித்தெருப் பிள்ளை ஒண்ணுகூட எங்க கேட்டில் வர்றதில்ல. தீண்டாமை என்று எங்கேயும் எழுதி ஒட்டல, ஃபீஸ் ரசீதுதான் ஒட்டியிருக்கு.

கல்வி உரிமைச் சட்டத்தில் 25 சதவீத இடம் இருக்கே, கேட்கலாமே என்பீர்கள். 2009 இல் வந்த சட்டம், 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 2014 இல் பிரமதி வழக்கில் உச்ச நீதிமன்றம் சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அது பொருந்தாது என்று சொல்லிவிட்டது. 2025 செப்டம்பரில் வேறொரு அமர்வு அந்தத் தீர்ப்பு சரிதானா என்று சந்தேகம் எழுப்பிப் பெரிய அமர்வைப் பார்க்கச் சொன்னது. அது முடியுற வரைக்கும் நம்ம பிள்ளை ஒண்ணாங்கிளாசிலேயே காத்திருக்குமா?

சிறுபான்மை உரிமையை விட்டுக்கொடுங்கள் என்று நான் சொல்லல. இன்றைய டெல்லி ஆட்சியைப் பார்க்கிறப்போ அது வேணும். ஆனால் எந்தச் சிறுபான்மைக்கு? 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவையே தலித் மேம்பாட்டுக் கொள்கை என்று ஒன்றை வெளியிட்டது. கத்தோலிக்கர் 1 கோடியே 90 லட்சம், அதில் தலித்துகள் 1 கோடியே 20 லட்சம் என்று அதிலேயே இருக்கு. அப்படின்னா அந்த 30 ஆவது பிரிவு உரிமை யாருடைய பேரில் வாங்கினது? நம்ம தலையை எண்ணி வாங்கின உரிமையில் கட்டின பள்ளிக்கூடத்தில் நமக்குப் பின்பக்கக் கேட்.

போன மே மாசம் நாங்க ஏழெட்டுப் பேர் போய் ஃபாதரைப் பார்த்தோம். இங்கிலீஷ் மீடியம் ஃபீஸில்தான் தமிழ்ப் பள்ளிக் கட்டடத்தையே பராமரிக்கிறோம் என்றார். கணக்கைக் காட்டுங்க ஃபாதர் என்றோம். சபைத் தலைமைகிட்ட கேட்கணும் என்றார். சபைத் தலைமைக்கு எழுதினோம். பங்குத்தந்தையைக் கேளுங்க என்று பதில் வந்தது.

இப்ப ஒரு மனு எழுதியிருக்கோம். மூணே விஷயம். எங்க தெருவிலிருந்து எல்.கே.ஜி.யில் ஃபீஸ் இல்லாமல் இருபது இடம். ரெண்டு பள்ளிக்கும் காலையில் ஒரே பிரேயர், ஒரே மைதானம், ஒரே கேட். ஒண்ணாங்கிளாஸ் பிள்ளையைச் சான்றிதழைப் பார்த்து வரிசை பிரிக்கிறதை நிறுத்தணும். இதுவரைக்கும் நாப்பத்திரண்டு கையெழுத்து. குடித்தெருவிலிருந்து ஒண்ணுகூட இல்ல. எங்க தெருவிலேயே பதினோரு வீட்டுக்காரங்க போட மாட்டேன்னுட்டாங்க. மனு போட்டால் ஃபாதர் ரிஜிஸ்டரை எடுத்துப் பார்ப்பார், சான்றிதழுக்குச் சிக்கல் வரும் என்று பயம். அந்தப் பயத்தை நான் குத்தம் சொல்ல மாட்டேன். நான்தான் அவங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவள்.

வர்ற ஞாயித்துக்கிழமை ரெண்டாம் பூசை முடிஞ்சதும் பங்குப் பேரவை கூடுது. மனுவை அங்கே வைக்கிறோம். படிச்ச பிள்ளைகள் ரெண்டு பேராவது கூட வரணும். கத்தோலிக்கராத்தான் இருக்கணும்னு இல்ல. பஸ் காலையில ஏழே முக்காலுக்கு. அதை விட்டா பத்தரைக்குத்தான்.