மணக்கும் மாவும் மழலைக் கைகளும்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



கிறிஸ்துமஸ் நெருங்கினால் தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் அச்சு முறுக்குக்கும் கல்கலுக்கும் மாவு தயாராகும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை ஒரு பிடி மாவு கேட்டு அடம் பிடிக்கும். "சாப்பிடுற பொருள்ல விளையாடாதே" என்று அம்மா அதட்டுவார். கைக்கு ஒரு வேலை வேண்டும் என்பதே அந்தப் பிள்ளையின் ஆசை.

கெடாவின் ரப்பர் தோட்டங்களில் பெற்றோர் விடியுமுன் பால்மரம் வெட்டப் போனார்கள்; பிள்ளைகள் ஆயா கொட்டகையில் வளர்ந்தார்கள். விளையாட்டுச் சாமான் இல்லாவிட்டாலும் மண் இருந்தது. சோறும் குழம்பும் அதிலேயே சமைத்தார்கள். பின்னர் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது பல குடும்பங்கள் சுங்கை பட்டாணி, கூலிம் போன்ற பட்டணங்களுக்குக் குடிபெயர்ந்தன. அடுக்குமாடி வீட்டில் மண் ஏது? கைப்பேசிதான் இருக்கிறது. 2 முதல் 4 வயதுப் பிள்ளைகள் நாளொன்றுக்கு 1 மணி நேரத்துக்கு மேல் திரை முன் உட்காரக் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது. கைப்பேசியைப் பிடுங்கினால் மட்டும் போதுமா? அந்தக் கையில் வேறொன்றைக் கொடுக்க வேண்டாமா?

அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில், கரிப்புகை படிந்த சுவர்த்தாளைத் துடைக்க ஒரு வகை மாவு விற்கப்பட்டது. நிலக்கரி அடுப்புகள் குறைந்ததும் வியாபாரம் படுத்துவிட்டது. கே சுஃபால் என்ற பாலர் பள்ளி ஆசிரியை அந்த மலிவான மாவைத் தம் மாணவர்களிடம் கொடுத்து, கிறிஸ்துமஸ் அலங்காரங்கள் செய்ய வைத்தார். அதுவே 1956இல் 'பிளே-டோ' என்ற பெயரில் கடைக்கு வந்தது. அதன் மணத்தையே ஹாஸ்புரோ நிறுவனம் 2018இல் அமெரிக்காவில் வணிகச் சின்னமாகப் பதிவு செய்துகொண்டது. சிறுவயது மணம் மறக்காது என்பது வியாபாரிக்குத் தெரிகிறது. தாய்க்குத் தெரியாதா?

வீட்டில் செய்வது எளிது. கோதுமை மாவு 2 கப், தூள் உப்பு 1 கப், தண்ணீர் 2 கப், சமையல் எண்ணெய் 2 மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு 2 மேசைக்கரண்டி. எல்லாவற்றையும் கட்டியில்லாமல் கரைத்து, மெல்லிய தீயில் கிளற வேண்டும். சட்டியில் ஒட்டாமல் திரண்டு வந்ததும் இறக்கி, சூடு தணிந்தபின் பிசைய வேண்டும். ஒரு பாதியில் பட்டைத் தூள் 1 தேக்கரண்டி சேர்த்தால் மாட்டுத் தொழுவத்துக்கு ஏற்ற பழுப்பு நிறம் கிடைக்கும். தண்ணீருக்குப் பதில் பாண்டான் இலையை அரைத்து வடிகட்டிய நீரை ஊற்றினால் மணமும் பச்சை நிறமும் சேர்ந்தே வரும். ஏலக்காயும் சுக்கும் வீட்டிலேயே இருக்கின்றன.

நம் ஊர் ஈரக்காற்றில் உப்பு நீர் கோத்து, மாவு பிசுபிசுக்கும். கொஞ்சம் மாவு தூவிப் பிசைந்தால் சரியாகிவிடும். இறுக மூடிய டப்பாவில் போட்டுக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். பூசணம் கண்டால் எறிந்துவிட வேண்டும்.

பெற்றோர் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பலகாரம் போல மணப்பதால் பிள்ளை இதை வாயில் வைக்கும். ஓர் எலுமிச்சை அளவு உருண்டையிலுள்ள உப்பு, பெரியவருக்கே உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் 5 கிராம் நாள் வரம்பைத் தாண்டிவிடும். எதையும் வாயில் போடும் வயதுக் குழந்தைக்கு இதைக் கொடுக்கவே கூடாது. நிறைய விழுங்கிவிட்டால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். கிராம்பு எண்ணெய் போன்ற வாசனை எண்ணெய்களைச் சேர்ப்பதும் ஆபத்து. கோதுமை ஒவ்வாத பிள்ளைக்கு அரிசி மாவில் செய்யலாம். பட்டைத் தூள் பட்டுத் தோல் சிவந்தால் அதை நிறுத்திவிட வேண்டும். வீட்டு நாய்க்கும் இந்த மாவு எட்டக் கூடாது.

ஆகவே, மாவைக் கொடுத்துவிட்டு எழுந்து போக முடியாது. பக்கத்தில் உட்கார்ந்தே ஆக வேண்டும். அதுதான் இந்த விளையாட்டின் பெரிய லாபம். உருட்டியும் கிள்ளியும் பழகும் விரல்கள் நாளை பென்சிலை உறுதியாகப் பிடிக்கும். "இது என்ன, ஆடா? ஏன் மூன்று கால்?" என்று கேட்டால் பிள்ளை ஒரு கதையே சொல்லும். வீட்டில் தமிழ் வளர்வதும் இப்படித்தான்.

கடையில் வாங்கும் பரிசு உடைந்து போகலாம். அப்பாவும் அம்மாவும் தரையில் உட்கார்ந்து தன்னோடு நட்சத்திரம் செய்த மாலை, பட்டை வாசம் வரும்போதெல்லாம் பிள்ளையின் நினைவுக்கு வரும். இந்தக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஒரு மாலையை அதற்காக ஒதுக்குங்கள்.