21 மணி நேரத்துக்கு எவ்வளவு துணி வேணும்?

இந்த எபிசோடு குலசேகரன்பட்டினத்துல இருந்து. தசரா முடிஞ்சு வேஷம் கலைச்சதும் நம்ம பசங்க வாட்ஸப் குரூப்புல அடுத்த பேச்சு ஆரம்பிச்சிரும்: "ஆலப்புழா போட் ஹவுஸ் போவோமாலே?" போங்க. ஆனா பையை எடுக்குறதுக்கு முன்னாடி ஒரு கணக்குப் போட்டுக்கோங்க.

ஒரு ராத்திரி பேக்கேஜ்னா, பொதுவா மதியம் 12 மணி போல ஏறி, மறுநாள் காலையில 9 மணி போல இறங்கணும். மொத்தமே 21 மணி நேரம். அதுலயும் சாயங்காலம் ஆனதும் படகைக் கரையில கட்டிருவாங்க. ராத்திரி அந்தத் தண்ணி வலை போடுற மீனவர்களுக்கு. இதுக்கு எதுக்கு பெரிய டிராலி? படித்துறையில இருந்து படகுக்குக் கால் வைக்கும்போது அதை இழுக்கவும் முடியாது, தூக்கவும் முடியாது. தோள்ல மாட்டுற துணிப்பை ஒண்ணு போதும்.

அதுக்குள்ள என்ன? ரெண்டு செட் துணி, கொசுவுக்குப் பூசுற களிம்பு, டார்ச், பவர் பேங்க், போனுக்கு ஒரு வாட்டர்ப்ரூஃப் உறை. வழக்கமா போடுற மாத்திரை கண்டிப்பா வேணும். நடுத் தண்ணியில மெடிக்கல் ஷாப் கிடையாது. பல படகுல ஏசி ராத்திரி மட்டும்தான் ஓடும், அதனால பருத்தித் துணி நல்லது.

அப்புறம் குடை. நம்ம ஊர் வானத்தைப் பாத்து முடிவு பண்ணாதீங்க. ஜூன், ஜூலையில இங்க வெறும் காத்தும் மண்ணும். மலைக்கு அந்தப் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும். ஐப்பசியிலயும் அங்க மதியத்துக்கு மேல இடி மின்னலோட மழை வரும். டிசம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும்னா நிம்மதியா போகலாம்.

வழி சுலபம். திருச்செந்தூர், திருநெல்வேலி, அங்கிருந்து தென்காசி, செங்கோட்டை, புனலூர் வழியா கொல்லத்துக்கு ரயில். 2018-ல அகலப்பாதை வேலை முடிஞ்ச மலைப்பாதை அது. பதிமூணு கண் பாலத்துக்கு முழிச்சிருங்க. கொல்லத்துல இருந்து ஆலப்புழாவுக்கு ரயிலும் உண்டு, பஸ்ஸும் உண்டு.

இப்ப முக்கியமான விஷயம். "நாங்க கடக்கரைப் பயலுவ, எங்களுக்குத் தண்ணி பயமா?"னு கேப்பீங்க. கேரளாவுல மலப்புறம் மாவட்டம் தானூர்ல 2023 மே 7 அன்னைக்கு ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் செத்துப்போனாங்க. நிறைய பேர் குழந்தைங்க. மீன்பிடிப் படகை மாத்திச் செஞ்சது அது. அளவுக்கு மீறி ஆள் ஏத்தியிருந்தாங்க. அது நடந்தது ஆழ்கடல்ல இல்ல, கரைக்குப் பக்கத்துல. நீச்சல் தெரிஞ்சவனும் கவிழ்ந்த படகுக்கு அடியில மாட்டினா அவ்வளவுதான்.

அதனால அட்வான்ஸ் அனுப்புறதுக்கு முன்னாடியே மூணு கேள்வி கேளுங்க. பதிவுச் சான்றிதழ் இருக்கா? எத்தனை பேருக்கு அனுமதி? குழந்தைங்க அளவுக்கும் சேத்து ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் இருக்கா? ஏறினதும் அதைப் போட்டுப் பாருங்க. "கூட ரெண்டு பேரு வந்தா பரவால்லண்ணே, ஏறிக்கோங்க"னு அவங்களே சொன்னாலும் ஏறாதீங்க. சிரிச்ச முகத்தோட சொல்றதால ஆபத்து குறையாது.

கடைசியா, பையில ஒரு காலிப் பை வைங்க, குப்பைக்கு. குட்டநாட்டு வயல் நிறைய கடல் மட்டத்துக்குக் கீழ இருக்கு. வாய்க்கால் வரப்புலதான் வீடு. நமக்கு அது 21 மணி நேர வேடிக்கை. அங்க இருக்கவங்க துணி துவைக்கிறது, பாத்திரம் கழுவுறது, பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைங்கள அனுப்புறது எல்லாம் அந்தத் தண்ணியிலதான். சிப்ஸ் கவரைக் கொண்டுபோன நாமளே திரும்பக் கொண்டுவந்துரலாம்.

பத்திரமா போயிட்டு வாங்க. அடுத்த எபிசோடுல பாப்போம்!