விடுமுறை வகுப்பும் ஒரு கிரெடிட்டும்

(கல்வி உதவிநிதி வழங்கும் நாளில் ஆலய மண்டபத்தில் ஓய்வுபெற்ற இடைநிலைப்பள்ளி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



சற்று முன்னர் இதே மேடையில் எஸ்.பி.எம். தேர்வில் ஒன்பது ஏ, பத்து ஏ பெற்ற பிள்ளைகளுக்கு மாலை அணிவித்துக் காசோலை வழங்கினோம். கண்நிறைந்த காட்சி. நானும் மனமாரக் கைதட்டினேன். ஆனால் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்ற பழக்கம், கண் தானாகவே கடைசி வரிசைக்குப் போய்விடுகிறது. ஒரே ஒரு பாடத்தில் கிரெடிட் இல்லாமல் நின்றுபோன பிள்ளைகளை இந்த மேடைக்கு நாம் அழைப்பதில்லை. அழைப்பதற்கு நம்மிடம் பரிசும் இல்லை. அவர்களைப் பற்றிப் பேசவே அனுமதி கேட்டேன். தலைவர் அவர்கள் பெரிய மனத்தோடு பதினைந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள்.

கிரெடிட் என்றால் என்னவென்று பெற்றோர் அனைவருக்கும் தெரிந்திருக்கும் என்று நாம் நினைக்கிறோம். அது சரியன்று. "பிள்ளை பாஸ் ஆகிவிட்டான் ஐயா" என்று இனிப்போடு வீட்டுக்கு வந்த தகப்பனார்களை எனக்குத் தெரியும். எஸ்.பி.எம். தேர்வில் 'டி', 'இ' இரண்டும் தேர்ச்சிதான். ஆனால் கிரெடிட் என்பது 'சி'யிலிருந்துதான் தொடங்குகிறது. மலாய் மொழியில் தேறாவிட்டால் சான்றிதழே இல்லை. 2013 முதல் வரலாற்றுக்கும் அதே விதி. அதைத் தாண்டிச் சான்றிதழ் கைக்கு வந்த பிறகும், டிப்ளோமா படிப்புக்குக் குறைந்தது மூன்று கிரெடிட், பல்கலைக்கழக அடிப்படைப் படிப்புக்கு ஐந்து என்று கேட்பது பொதுவான வழக்கம். பட்டம் பெற்று அரசாங்க உத்தியோகத்துக்கு மனுச் செய்யும்போதுகூட, பதினேழு வயதில் எழுதிய மலாய் மொழித் தாளில் கிரெடிட் உண்டா என்று பார்க்கிறார்கள். ஒரு 'டி'க்கும் ஒரு 'சி'க்கும் நடுவே ஒரு பிள்ளையின் பாதை மாறிப்போகிறது.

முன்பெல்லாம் பலவீனம் முன்கூட்டியே தெரிந்துவிடும். ஆறாம் ஆண்டில் யூ.பி.எஸ்.ஆர். இருந்தது, மூன்றாம் படிவத்தில் பி.தி.3 இருந்தது. முன்னது 2021-இல் நிறுத்தப்பட்டது, பின்னது 2022-இல். சின்னஞ்சிறு பிள்ளைகளைத் தேர்வு வாட்டக்கூடாது என்ற எண்ணத்தில் நியாயம் உண்டு. அதை நான் குறை சொல்ல வரவில்லை. ஆயினும் அந்த ஆண்டுகளில் படித்த பிள்ளைகளுக்கு எஸ்.பி.எம். தான் முதல் அரசாங்கத் தேர்வு. போதாக்குறைக்கு 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது, கைப்பேசி ஒன்றை அண்ணன் தங்கை மூவர் பகிர்ந்துகொண்ட வீடுகளில் பாடம் நடந்த அழகு நமக்குத் தெரியும். அன்று ஐந்தாம் ஆண்டில் விட்ட இலக்கணம் ஐந்தாம் படிவத்தில் வந்து நிற்கிறது.

மலாய் மொழி நம் பிள்ளைகளுக்குப் பேச வராதா என்று கேட்பீர்கள். நன்றாக வரும். அங்கேதான் சிக்கல். சந்தையில் பேசும் மலாய் வேறு, தாளில் எழுதும் மலாய் வேறு. 'அவனுடைய வேலை' என்பதற்குக் கடைவீதியில் 'டியா பூஞ்ஞா கெர்ஜா' என்கிறோம். தாளில் 'கெர்ஜாஞா' என்று ஒரே சொல்லாக எழுதவேண்டும். அஜார் என்ற ஓர் அடிச்சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னே ஓர் ஒட்டு, பின்னே ஓர் ஒட்டு சேரச் சேர, கற்பிப்பது, கற்பது, மாணவர், பாடம் என்று பொருள் கிளை விடுகிறது. இதில் நம்மவர்க்கென்றே ஒரு தனிக் கஷ்டம் உண்டு. கற்பதற்கும் பெலாஜார், மாணவருக்கும் பெலாஜார். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றே. பம்பரம் என்று சொல்லிப் பாருங்கள். அதில் முதலில் வரும் 'ப'வின் ஒலியில் தொடங்கினால் மாணவர். நடுவில் வரும் 'ப'வின் ஒலியில் தொடங்கினால் கற்பது. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை எழுதும்போது இரண்டையும் மாற்றி மாற்றிப் போடும். சிவப்பு மையால் சுழித்துவிட்டு நகர்ந்தால் அது திருந்தாது. பக்கத்தில் உட்கார்ந்து, வாய்விட்டுச் சொல்லவைத்து, பத்து நாள் பழக்கவேண்டிய காரியம் அது. நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் எந்த ஆசிரியருக்கு அந்த நேரம் இருக்கிறது? (சரஸ்வதி பூஜையன்று சந்நிதியில் அடுக்கும் புத்தகங்களில் மலாய் இலக்கண நூலை நான் அதிகம் கண்டதில்லை. அம்பிகையாவது பார்த்துக்கொள்ளட்டும் என்று அதையும் வைத்துவிட்டுப் போகலாம்.)

அந்த நேரம் விடுமுறையில் இருக்கிறது. ஆனால் விடுமுறையில் நம் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள்? வசதியுள்ள வீட்டுப் பிள்ளை டியூசனுக்குப் போகும். மற்றதெல்லாம் மினி மார்க்கெட் கல்லாவில், கார் கழுவும் கடையில், அம்மாவின் நாசி லெமாக் மேசையில். இல்லையென்றால் வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண். பெயர் வேண்டாம். செவிலியர் பயிற்சிக்குப் போக ஆசை. மற்றப் பாடங்களில் கிரெடிட், மலாய் மொழியில் மட்டும் 'டி'. மினி மார்க்கெட்டில் வேலை செய்துகொண்டே, சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரு டியூசன் நிலையத்தில் சேர்ந்தாள். வகுப்பு செவ்வாய், வியாழன் இரவு எட்டு மணி. அவளுக்கோ வாரத்துக்கு வாரம் வேலை நேரம் மாறும். இரண்டு வாரம் போக முடியவில்லை. மூன்றாம் வாரம் போனபோது பாடம் எங்கேயோ போய்விட்டது. கட்டிய பணமும் திரும்பவில்லை. "எனக்குப் படிப்பு ராசி இல்லை சார்" என்று சொன்னாள். ராசியில்லாதது அந்த எட்டு மணிக்குத்தான்.

அவளை வைத்துத்தான் இந்த ஆலயத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் விடுமுறை வகுப்பைத் தொடங்கினோம். காலைப் பூசை முடிந்து ஒரு வகுப்பு. மாலைப் பூசை முடிந்து அதே பாடம் மறுபடியும். எது முடியுமோ அதற்கு வரலாம். ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை. முடித்த பாடத்துக்கு ஆசிரியர் கையெழுத்திடுவார். நான்கு நாள் வராதவன் ஐந்தாம் நாள் வந்தால், விட்ட இடத்திலிருந்தே தொடங்குவான். பல்கலைக்கழக விடுமுறையில் ஊர் திரும்பிய நம் பிள்ளைகள் நான்கைந்து பேருக்கு ஒருவராக உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார்கள்.

முதல் ஆண்டு இது தோற்றது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தவறு என்னுடையதுதான். முடிந்தபோது வரலாம் என்றதை, தோன்றும்போது வரலாம் என்று பையன்கள் எடுத்துக்கொண்டார்கள். மூன்றாம் வாரத்தில் ஆசிரியர்கள் ஆறு பேர், மாணவர்கள் மூன்று பேர்! மறு ஆண்டு ஒரு விதி வைத்தோம். நேரத்தை நீயே தேர்ந்தெடுக்கலாம். ஆனால் அடுத்த வாரத்துக்கான நேரத்தை ஞாயிற்றுக்கிழமையே எழுதிக் கையெழுத்திடவேண்டும். வராவிட்டால் வீட்டுக்குத் தொலைபேசி போகும். வகுப்பு நிலைத்தது. அந்தப் பெண் தனியார் மாணவராகப் பதிந்து அந்த ஒரு பாடத்தை மட்டும் மறுபடி எழுதினாள். 'சி' கிடைத்தது.

இதெல்லாம் நாம் கண்டுபிடித்த புதுமை அன்று. கனடாவில் ஒண்டாரியோ மாநிலத்தில், இலங்கையிலிருந்து போய்க் குடியேறிய தமிழர் வீட்டுப் பிள்ளைகள் ஏராளமாகப் படிக்கும் இடம், அங்கே கிரெடிட் என்பதற்கே பொருள் வேறு. 110 மணி நேரப் பாடம் ஒன்றை முடித்தால் ஒரு கிரெடிட். உயர்நிலைப்பள்ளிச் சான்றிதழுக்கு 30 கிரெடிட் வேண்டும். ஒன்று தவறினால் கோடை விடுமுறையில் நான்கு வாரம் போல் உட்கார்ந்து அதை மட்டும் எடுத்துவிடலாம். மதிப்பெண்ணில் எழுபது விழுக்காடு வகுப்பில் செய்த வேலைக்கே. நம் பிள்ளைக்கோ எல்லாம் ஒரே தேர்வில் அடங்கிவிடுகிறது. அங்கே விடுமுறை வகுப்பைக் கல்வி முறையே கொடுக்கிறது. இங்கே அதை யாராவது கொடுத்தால்தான் உண்டு.

கொடுத்தவர்களும் இருக்கிறார்கள். 1982-இல் டாக்டர் தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் படிப்பையும் பக்தியையும் ஒன்றாகக் கட்டிக் காட்டியது. பத்துமலைக்கு மாணவர்களை அழைத்துச் செல்லும் அவர்களுடைய கல்வி யாத்திரையை நீங்கள் அறிவீர்கள். சிங்கப்பூரில் 1991-இல் அமைந்த சிண்டாவும் துணைப்பாட வகுப்புகளை நடத்தி வருகிறது. அவ்வளவு பெரிய காரியத்தை நான் கேட்கவில்லை.

நான் கேட்பது இரண்டு. முதலாவது இடம். பள்ளி விடுமுறைதான் நம் மண்டபத்துக்குக் கல்யாணக் காலம். வாடகை வருவதும் அப்போதுதான். வாடகை வந்தால்தான் விளக்கெரியும் என்பது பொருளாளர் அவர்களின் கவலை. அது எனக்கும் புரிகிறது. சென்ற முறை பந்தி பரிமாறும் நேரத்தில் பிள்ளைகளை எழுப்பி, செருப்பு விடும் திண்ணையில் உட்காரவைத்து ருமுசான் சொல்லிக்கொடுத்தோம். கல்யாணத்தை நிறுத்தச் சொல்லவில்லை. பின்கட்டில் பழைய பூசைச் சாமான்கள் கிடக்கும் அறையை ஒழித்துக் கொடுத்தால், இரண்டு மின்விசிறியோடு எங்களுக்கு அது போதும்.

இரண்டாவது பணம். ஆசிரியர்கள் ஊதியம் கேட்கவில்லை. தோட்டப்புறத்திலிருந்து வரும் பிள்ளைகளுக்கு வேன் கூலி வேண்டும். மாலையில் வேலையிலிருந்து நேரே வரும் பிள்ளை பசியோடு வரும். அன்னதானக் கூடத்திலிருந்து ஒரு தட்டு சோறு அவனுக்கும் வேண்டும். அரசாங்கப் பள்ளி மாணவர்களுக்கு எஸ்.பி.எம். கட்டணம் இல்லை, மறுபடி எழுதும் தனியார் மாணவர் கட்டவேண்டும். அந்தக் கட்டணத்தைக் கட்ட முடியாமல் தேதி கடந்துபோனவர்கள் இருக்கிறார்கள். தங்கள் பெற்றோர் பெயரில் ஒன்பது ஏ-க்குப் பரிசு வைத்திருக்கும் அன்பர்கள் அதை அப்படியே வைத்திருங்கள். அதன் பக்கத்தில், ஒரு 'டி'யைச் 'சி'யாக்க இன்னொன்றும் வையுங்கள். அதற்கும் உங்கள் பெற்றோர் பெயரே இருக்கட்டும்.

வகுப்பில் சேருவதற்கான பாரங்கள் அர்ச்சனைச் சீட்டு கொடுக்கும் முகப்பில் இருக்கின்றன. நான்காம் படிவம் முடிப்பவர்களும், தேர்வெழுதி முடித்து வெளியே நிற்பவர்களும் எடுத்துக்கொள்ளலாம். வேலை நேரம் எழுத ஒரு கட்டம் விட்டிருக்கிறோம்; வெட்கப்படாமல் நிரப்பிக் கொடுங்கள். அதைப் பார்த்துத்தான் வகுப்பு நேரத்தை வைப்போம்.