ஓட்டுப் போடப் போனால் கூலி போகுமா?

தேர்தல் நெருங்கும்போது பட்டறையிலும் கடையிலும் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு கவலையும் சேர்ந்தே வரும்: ஓட்டுப் போடப் போனால் அன்றைய கூலி போய்விடுமே!

போகாது. 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 1996இல் சேர்த்த 135பி பிரிவு, வாக்குரிமை உள்ள தொழிலாளிக்கு வாக்குப்பதிவு நாளில் சம்பளத்தோடு விடுமுறை தரச் சொல்கிறது. தினக்கூலிக்காரருக்கும் உண்டு. மீறும் முதலாளிக்கு 500 ரூபாய் வரை அபராதம். இந்தக் காலத்துக்கு அது மிகக் குறைவு. ஆள் இல்லாவிட்டால் ஆபத்தோ பெரும் நஷ்டமோ நேரக்கூடிய வேலைகளுக்கு மட்டும் விலக்கு.

முதலாளிமார்களே, ‘அன்று லீவு, சம்பளம் பிடிக்க மாட்டோம்’ என்று ஒரு வாரம் முன்பே எழுதிப் போடுங்கள். வெளியூரில் ஓட்டு உள்ளவர் நிம்மதியாக பஸ்ஸுக்கு டிக்கெட் எடுப்பார். திரும்பி வந்தவரிடம் யாருக்குப் போட்டாய் என்று மட்டும் கேட்காதீர்கள். வேலையிடத்து மனஸ்தாபம் பல நேரம் அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.