தோல் நோயும் மனத் துயரும்
(ஊராட்சி உறுப்பினர் பயிற்சி முகாமில் நிகழ்த்திய பேச்சு)



குடிநீர், சாலை, பள்ளிக்கூடம், தெரு விளக்கு ஆகியவை பற்றி நாம் அடிக்கடி கூடிப் பேசுகிறோம். இன்று, தீர்மானப் புத்தகத்தில் எளிதில் இடம் பெறாத ஒரு துன்பத்தைப் பற்றிப் பேச முற்படுகிறோம். நெடுநாள் தோல் நோய் உடையவர்கள் படும் மனத்துன்பமே அது.

காய்ச்சல் கண்டவரை ஊரார் வந்து நலம் விசாரிப்பர். தோலில் நோய் கண்டவரிடமிருந்தோ, அருகில் இருப்பவரும் சற்று விலகி அமர்வர். அவ்விலகலைக் கண்டவர் மறுநாள் முதல் முழுக்கைச் சட்டை அணிகிறார். பின்பு திருமண வீடுகளுக்குச் செல்வதை நிறுத்துகிறார். நாளடைவில் வயல் வேலைக்கும் வரத் தயங்குகிறார். தேநீர்க் கடையில் தனிக் குவளை, பெண் பார்க்க வந்தவர்களின் முணுமுணுப்பு, பள்ளியில் பிள்ளைகளின் கேலி ஆகியவை நோயினும் மிகுந்த வலி தருகின்றன.

இவ்விலகலுக்கு மூலம் தொற்றிக் கொள்ளும் என்னும் அச்சம். அந்த அச்சத்துக்கு இடம் உண்டா என்று பார்ப்போம். வெண்புள்ளி என்பது தோலுக்கு நிறம் தரும் உயிரணுக்கள் அழிவதால் உண்டாவது. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே வழி தவறி அவற்றைத் தாக்குகிறது. உலகில் 1,000 பேரில் ஏறக்குறைய 5 முதல் 20 பேருக்கு இது இருப்பதாக மருத்துவர்கள் கணக்கிடுகின்றனர். சொரியாசிஸ் என்னும் செதிற்படையும் எதிர்ப்பாற்றலின் கோளாறே. மேல்தோல் புதுப்பித்துக் கொள்ள ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். இந்நோயில் அது சில நாட்களிலேயே நடந்துவிடுவதால் செதில் செதிலாக உதிர்கிறது. இது தொற்றா நோய் என்பதை உலக சுகாதாரச் சபை 2014-ஆம் ஆண்டுத் தீர்மானத்தில் குறித்துள்ளது. தொடுவதாலோ, உடன் உண்பதாலோ, ஒரே கிணற்றில் நீர் எடுப்பதாலோ இவ்விரண்டும் பரவா.

வெண்புள்ளியைச் சிலர் இன்னும் 'வெண்குஷ்டம்' என்கின்றனர். தொழுநோய்க்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. தொழுநோய் கிருமியால் வருவது. அதுவும் கூட்டு மருந்துச் சிகிச்சையால் 6 அல்லது 12 மாதங்களில் குணமாகிறது. தொழுநோயாளரை ஒதுக்கி வைக்க இடமளித்த 1898-ஆம் ஆண்டுச் சட்டம் 2016-இல் நீக்கப்பட்டுவிட்டது. ஏட்டிலிருந்து நீங்கிய வழக்கம் நம் தெருக்களிலிருந்தும் நீங்க வேண்டாமா?

மனத்துயர் நோயையும் வளர்க்கிறது என்பதை நாம் நன்கு உணர வேண்டும். கவலை மிகுந்தால் செதிற்படை மிகும். படை மிகுந்தால் அரிப்பால் உறக்கம் கெடும். உறக்கம் கெட்டால் கவலை இன்னும் பெருகும். செக்கைச் சுற்றும் மாடு போல் நோயாளி இதில் உழல்கிறார். துயர் மறக்கச் சிலர் மதுவையும் புகையையும் நாடுகின்றனர்; அவை படையை மேலும் கிளறிவிடுகின்றன. விரைவில் குணமாக்குவதாகச் சொல்வோரிடம் ஸ்டீராய்டு ஊசியும் மாத்திரையும் பெற்றுத் திடீரென நிறுத்தினால், நோய் முன்னிலும் கடுமையாகத் திரும்புவதுண்டு. தோல் மருத்துவரிடம் களிம்பு, ஒளிச் சிகிச்சை, மாத்திரை எனப் பல வழிகள் உள்ளன. நோயை அடக்கி நல்வாழ்வு வாழ இயலும்.

இனி நாம் செய்யத்தக்கவை யாவை? முதலாவதாக, கிராம சபைக் கூட்டத்தில் கிராம சுகாதாரச் செவிலியரை அழைத்து இந்நோய்கள் பற்றி விளக்கச் செய்யலாம். இரண்டாவதாக, தனிக் குவளையும் தனி இருக்கையும் நம் ஊரில் இல்லை என்பதை உறுப்பினர்களே முன்னின்று உறுதி செய்யலாம். மூன்றாவதாக, ஆசிரியர்களிடம் கூறிப் பள்ளியில் கேலியைத் தடுக்கலாம்.

நான்காவது மிக முக்கியமானது. ஒருவர் இரண்டு வாரங்களுக்கு மேல் உண்ணாமலும் உறங்காமலும் ஒதுங்கியிருந்தால், வாழ்ந்து பயனில்லை என்று பேசினால், அதைச் சோம்பல் என்றோ நடிப்பு என்றோ தள்ளிவிடலாகாது. அருகில் அமர்ந்து, "உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?" என்று பரிவோடு நேரே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக உண்டாவதில்லை. கேட்க ஆள் உண்டு என்னும் ஆறுதலே உண்டாகும். அவரைத் தனியே விடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். 2022-இல் தொடங்கிய 14416 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி மனநல உதவியை எந்நேரமும் அழைக்கலாம். பூச்சி மருந்தை வீட்டுத் திண்ணையிலோ பரணிலோ வைக்காமல் பூட்டி வைத்துச் சாவியைப் பொறுப்பானவரிடம் தருவது ஒவ்வோர் உழவர் வீட்டுக்கும் நன்று. நொடிப்பொழுது மயக்கத்தில் போகும் உயிரை ஒரு பூட்டுக் காத்துவிடும்.

இவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு நிதி ஒதுக்கீடு வேண்டியதில்லை. மேலிடத்து அனுமதியும் வேண்டியதில்லை. களிம்பு தருவது மருத்துவர் கடமை. பக்கத்தில் அமர்ந்து உண்பதும், பெயர் சொல்லி வீட்டு விசேஷத்துக்கு அழைப்பதும் நம் கடமை. முழுக்கைச் சட்டைக்குள் ஒளிந்து வாழ்வோர் நம் ஊரில் எத்தனை பேர் என்று இன்றே எண்ணிப் பார்ப்போம். அவர்கள் வீட்டுக்கு நாமே முதலில் செல்வோம்.